பென்சில் ரப்பர் வைத்தியம்

மந்தைவெளியில் எங்கள் வீட்டு டெஸ்க்டாப் ஒரு மாதமாகவே மக்கர். கடிதம் அடித்துக்கொண்டிருக்கும்போதே நீலத் திரை வரும். தானாக அணைந்து மறுபடி எழும். போன செவ்வாய்க்கிழமை எழவே இல்லை. உள்ளே ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு, விட்டு விட்டு பீப் சத்தம்.

தெருமுனைக் கடைப் பையன் போனிலேயே, "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்றான். வயிற்றைக் கலக்கியது. காலமான என் அக்கா பாடிய கீர்த்தனைகளை கேசட்டிலிருந்து மாற்றி வைத்திருப்பது அந்த ஹார்ட் டிஸ்கில்தான். தவிர, விண்டோஸ் வரைக்கும் போகாத மெஷினுக்கு ஃபார்மட் எதற்கு?

ரிச்சி தெருவில் பல வருஷம் ரிப்பேர் வேலை பார்த்த எதிர் ஃப்ளாட் நண்பர் வந்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதல் காரியமாக ஹார்ட் டிஸ்கைக் கழற்றி என் மகளின் லேப்டாப்பில் கேபிள் போட்டு இணைத்தார். அக்கா குரல் கேட்டது. "இனிமே நிதானமா பார்க்கலாம் சார்."

மதர்போர்டில் நிற்கும் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். 2000-களின் தொடக்கத்தில் மட்டமான கெபாசிட்டர்களால் உலகம் முழுக்க போர்டுகள் போயினவாம். இதில் உப்பவில்லை. ராம் அட்டையை உருவி, பேத்தியின் பென்சில் ரப்பரால் அதன் தங்க நிற ஓரத்தை மெதுவாகத் தேய்த்தார். ரப்பர் கறுத்தது. கடற்காற்றுப் பக்கம் இது சகஜமாம். நம் வீட்டுப் பித்தளைச் செம்பே களிம்பேறுகிறதே! அழுத்தி மாட்டியதும் விண்டோஸ் வந்தது.

கூலி வாங்கவில்லை, இரண்டு டம்ளர் காபியோடு சரி. பாட்டுகள் இப்போது இரண்டு பென் டிரைவில். ஒன்று அக்கா மகனுக்கு.