பங்களாவின் அடுக்களைப் பக்கம்

மிஷனரிகள் பற்றிப் பேச்சு வந்தால் நம் கூட்டங்களில் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒரு கட்சிக்கு அவர்கள் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் தந்த தெய்வங்கள். இன்னொரு கட்சிக்கு வெள்ளை ஏகாதிபத்தியத்தின் ஏஜெண்டுகள். இரண்டு தரப்பும் பேசுவது பிரசங்க மேடையை, பள்ளியை, அரசாங்கத்துக்கு எழுதிய மனுக்களைப் பற்றித்தான். அந்த மனிதர்கள் ராத்திரி எந்த வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள், யார் சமைத்தது, அவர்கள் பிள்ளையை யார் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தது என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு அந்தக் கேள்வி வருவதற்கு வீட்டுக் காரணம் ஒன்று உண்டு. நாங்கள் குமரி மாவட்டத்துச் சாம்பவர்கள். என் அப்பாவுடைய பாட்டி ஒரு மிஷன் பங்களாவில் ஆயா வேலை பார்த்தவர். அவரைப் பற்றி வீட்டில் மிச்சம் இருப்பது மூன்றே செய்திகள். வெள்ளைக்காரப் பிள்ளைக்குத் தமிழில் தாலாட்டுப் பாடியிருக்கிறார். எங்கள் தெருவில் முதன்முதலாகக் கடிகாரத்தில் மணி பார்க்கக் கற்றவர் அவர்தான். துரைசானி கப்பலேறும்போது ஒரு பீங்கான் கோப்பை கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கோப்பையில் எங்கள் வீட்டில் ஒருவரும் தேநீர் குடித்ததில்லை. அலமாரியில் வைத்துத் துடைப்பதோடு சரி.

எங்கள் பக்கத்து மிஷன் வரலாற்றை வெள்ளைக்காரரிடமிருந்து தொடங்கக் கூடாது என்பது என் பிடிவாதம். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்ற சாம்பவர் தஞ்சாவூர்ப் பக்கம் போய், அங்கே கிறிஸ்தவராகி, வேதமாணிக்கம் என்ற பெயரோடு திரும்பினார். எங்கள் ஊருக்கு ஒரு போதகர் வேண்டும் என்று அவர் கேட்டதால்தான், லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஜெர்மானியர் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். ரிங்கல்தௌபே கல்யாணம் ஆகாதவர். சின்னக் குடிசை போன்ற வீடு. சம்பளம் கைக்கு வந்தால் கொடுத்தே தீர்த்துவிடுவார். 1816இல் உடம்பு முடியாமல் நாட்டைவிட்டுப் போனபோது போட்டுக்கொள்ள ஒரு கோட்டுகூட அவரிடம் இல்லை. அவர் போன பிறகு சபைகளைக் கட்டிக் காத்தவர் வேதமாணிக்கம்தான்.

1818இல் சார்லஸ் மீட் வந்தார். அடுத்த ஆண்டே மால்ட் தம்பதி, சார்லஸும் மார்த்தாவும், நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தார்கள். முதல் மனைவியை இழந்திருந்த மீட், தஞ்சாவூர் மிஷனரி ஒருவரின் மகளான ஜோஹன்னாவை மணந்தார். தனி மனிதரின் குடிசைக் காலம் அதோடு முடிந்து குடும்பங்களின் பங்களாக் காலம் தொடங்கியது. பங்களாவைக் கொடுத்தது திருவிதாங்கூர் ராணி. ரெசிடெண்ட் மன்றோ கேட்டு, வயல் வாங்க 5,000 ரூபாயும் கொடுத்தார். அந்த வயல் வருமானத்தில் செமினரி நடந்தது. அன்றைக்கு நாஞ்சில் நாட்டு வயல்களில் உழுததும் நட்டதும் யார், எந்த நிலையில் என்பதை இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி முடிந்தது 1855இல்தான்.

குடும்பம் என்று வந்துவிட்டால் வீட்டுக்கு ஆள் வேண்டும். சமையலுக்கு ஒருவர், மேசையில் பரிமாற பட்லர், பிள்ளைகளுக்கு ஆயா, தண்ணீர் சுமக்க ஒருவர், குதிரையைப் பார்க்க ஒருவர், கழிப்பறை சுத்தம் செய்ய ஒருவர், பங்கா இழுக்க ஒரு பையன். லண்டன் மிஷன் சங்கத்தில் வந்தவர்களில் பலர் பிரபுக்கள் இல்லை, கைத்தொழில் குடும்பங்களின் பிள்ளைகள். சொந்த ஊரில் இத்தனை பேரை வேலைக்கு வைத்திருக்கவே மாட்டார்கள். இங்கே கூலி மலிவு. ஒருவர் செய்கிற வேலையை இன்னொருவர் தொடமாட்டார் என்பதால் ஆள் எண்ணிக்கையும் கூடியது. சாதி அந்த வீட்டுக்குள் முதலில் நுழைந்தது வேலைப் பங்கீடாகத்தான்.

சமையலறையில் மட்டும் ஒரு விசித்திரம். மாட்டுக்கறி சமைக்கவும் எச்சில் தட்டுக் கழுவவும் ஆதிக்கச் சாதியார் வரமாட்டார்கள். அதனால் சென்னை மாகாணம் முழுக்க வெள்ளைக்காரர் வீட்டுச் சமையல்காரரும் பட்லரும் ஆயாவும் பெரும்பாலும் நம் மக்கள்தான். தெருவில் நிழல்கூடப் பட்டுவிடக் கூடாது என்று விரட்டப்பட்ட ஒருவர், பங்களாவுக்குள் உப்புப் பார்த்து, ரொட்டி சுட்டு, குழந்தைக்குச் சோறு ஊட்டினார். மாதம் பிறந்தால் கையில் காசு. தலைமுறை தலைமுறையாகக் காசையே பார்க்காமல் நெல்லுக்கு உழைத்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. எங்கள் ஊரில் முதலில் நிலம் வாங்கிய இரண்டு குடும்பங்களில் ஒன்று பட்லர் குடும்பம். இன்றும் அந்த வீட்டுக்குப் பெயர் பட்லர் வீடு. கேலியாகச் சொல்கிறவர்களும் உண்டு. நான் அப்படிச் சொல்வதில்லை.

ஆயாவின் கதை இன்னும் சிக்கல். துரைசானிக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஜோஹன்னா மீடும் மார்த்தா மால்ட்டும் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார்கள். இன்று நாகர்கோவிலில் இருக்கிற டதி பள்ளியின் வேர் அங்கேதான். 1820களில் மார்த்தா லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். லேஸ் விற்ற காசில் சில அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். மேலாடைக் கலகத்தில் பெண்கள் போட்டுக்கொண்டு தெருவில் நடந்த அந்தத் தளர்ந்த ஜாக்கெட்டை வடிவமைத்துத் தைத்ததும் இந்த மிஷனரி மனைவிகள்தான். வரலாற்றுப் புத்தகங்களில் கணவர் பெயர் தலைப்பில் இருக்கும், இவர்கள் பெரும்பாலும் "திருமதி" மட்டும். சங்கத்தின் கணக்கில் சம்பளம் பெற்ற மிஷனரி கணவர், மனைவியின் உழைப்பு அதற்குள் அடக்கம்.

அந்த மனைவி பகல் முழுக்கப் பள்ளியில் நிற்க வேண்டுமானால் அவர் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். முதுகலை படிக்கும்போது ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் சொன்ன 'உலகப் பராமரிப்புச் சங்கிலி' என்ற கருத்தைப் பாடமாக எடுத்தார்கள். ஏழை நாட்டுப் பெண் பணக்கார நாட்டுக்குப் போய் அங்குள்ள பிள்ளையை வளர்ப்பாள், அவள் பிள்ளையை ஊரில் இன்னொருத்தி வளர்ப்பாள். வகுப்பில் பிலிப்பைன்ஸ் பெண்களை உதாரணம் சொன்னார்கள். எனக்கு என் பூட்டிதான் நினைவுக்கு வந்தார். அவர் பங்களாவில் இருந்த நேரத்தில் என் தாத்தாவை வளர்த்தது அவருடைய எட்டு வயது அக்கா. அந்த அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. பெண்கள் பள்ளி நடத்திய துரைசானியின் வீட்டுக்குப் பின்னால், பள்ளிக்கு வராத ஒரு பெண்பிள்ளை இருந்தாள் என்பதை யாரும் சதி செய்து நடத்தவில்லை. குடும்பம் என்ற ஏற்பாடே அதை நடத்திவிட்டது.

மிஷனரிகளின் பிள்ளைகளுக்கும் இதில் நஷ்டம் இருந்தது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை. ஆயாவின் மொழியே அவர்களுக்கு முதல் மொழி. நாகர்கோவிலில் பிறந்த மால்ட்டின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். பேச்சுத் தமிழில் அவர் கணவரைவிடத் தேர்ந்தவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் வீட்டில் தமிழை மூச்சுப்போல் பேசியவர் மனைவிதான். அந்தத் தமிழில் ஆயாக்களின் பங்கு எவ்வளவு என்று எந்த முன்னுரையிலும் வராது. ஆனால் பிள்ளைகள் ஏழெட்டு வயதானதும் இந்தத் தமிழிலிருந்தும் வெயிலிலிருந்தும் பிரிக்கப்பட்டுக் கப்பலேற்றப்படுவார்கள். மிஷனரிகளின் மகள்களுக்கு 1838இலும் மகன்களுக்கு 1842இலும் லண்டன் அருகே வால்தம்ஸ்டோவில் தனிப் பள்ளிகளே தொடங்கினார்கள். சூயஸ் கால்வாய் திறக்காத காலம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகும் கப்பலுக்கு நான்கைந்து மாதம். அனுப்பிய பிள்ளையைத் தாய் அடுத்து எப்போது பார்ப்பாள் என்று சொல்ல முடியாது. பார்க்காமலே செத்தவர்கள் உண்டு. ஊர்ப் பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்தவர்களின் சொந்தப் பிள்ளைகள் விடுதியில் வளர்ந்தார்கள்.

இனி சாப்பாட்டு மேசைக்கு வருவோம். தமிழ்க் கிறிஸ்தவத்துக்குள் சாதியைப் பற்றி நடந்த பெரிய சண்டைகள் எல்லாம் சோற்றையும் கோப்பையையும் சுற்றித்தான் நடந்தன. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபையில் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு ஒரு படி மேலே போய், எந்தச் சாதியார் சமைத்ததையும் சேர்ந்து சாப்பிட்டுக் காட்டினால்தான் சாதியை விட்டதாகக் கொள்ளலாம் என்று தீர்மானித்தது. நல்ல தீர்மானம். இன்றைக்குப் பல சபைகளுக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

ஆனால் அந்தச் சோதனை வெள்ளைக்காரருக்கு மிகச் சுலபமாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். பறையர் கையால் அவர்கள் தினமும் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எஜமான் வேலைக்காரர் கையால் சாப்பிடுவதில் எஜமானுக்கு ஒன்றும் குறையாது. சோதனை விருந்தில் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்தார்கள், சரி. மறுநாள் காலை சமையல்காரர் அடுக்களையில்தான் சாப்பிட்டார். ஆண்டைகளும்தான் எங்கள் கையால் விளைந்த நெல்லைச் சாப்பிட்டார்கள்.

உண்மையான சோதனை மீட் குடும்பத்தில் வந்தது. ஜோஹன்னா இறந்த பிறகு, 1850களின் தொடக்கத்தில், மீட் லோயிஸ் பிடல்ஃப் என்ற பெண்ணை மணந்தார். ஆங்கிலப் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஞானஸ்நானத்தின்போது வெள்ளைக்காரப் பெயர் வைப்பது அன்றைய வழக்கம். லோயிஸ், நெய்யூர் மிஷனில் இருந்த பறையர் சாதிக் கிறிஸ்தவர் ஒருவரின் மகள். மீட் அப்போது முப்பது வருடத்துக்கு மேல் அங்கே ஊழியம் செய்தவர். அச்சகம் கொண்டுவந்தவர், பள்ளிகள் திறந்தவர், மேலாடைச் சண்டையில் நம் பெண்களுக்காக நின்றவர். அடிமைகளை விடுவிக்கச் சொல்லித் திருவிதாங்கூர் மிஷனரிகள் மகாராஜாவுக்கு மனுக் கொடுத்தது 1847இல்தான். அந்த மனுவின் மை காய்ந்து ஐந்தாறு வருடம் இருக்கும்.

சக மிஷனரிகளால் அந்தக் கல்யாணத்தைத் தாங்க முடியவில்லை. மீட் சங்கத்தைவிட்டு விலக வேண்டியதாயிற்று. லோயிஸின் அப்பா சபையில் இருக்கலாம், மிஷனுக்கு வேலை செய்யலாம். லோயிஸ் பள்ளியில் படிக்கலாம். லோயிஸ் பங்களாவில் ஆயாவாக இருந்திருந்தாலும் யாரும் புருவம் உயர்த்தியிருக்க மாட்டார்கள். அவர் பங்களாவின் முன்வாசல் வழியாக, மேசைக்கு மறுபக்கத்து நாற்காலிக்கு, திருமதி மீடாக வந்ததுதான் பிரச்சினை. அதைச் சாதி என்று அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. அவர்கள் நாட்டில் அதற்கு இனம், வயது, அந்தஸ்து, ஊழியத்தின் கௌரவம் என்று வேறு பெயர்கள் உண்டு. நம் ஊர் வேளாளருக்கும் அது நன்றாகவே புரிந்திருக்கும்.

மீட் திருவனந்தபுரம் போய் திருவிதாங்கூர் அரசின் பள்ளிக் கண்காணிப்பாளர் ஆனார். 1873இல் அங்கேயே இறந்தார். மிஷன் வரலாறுகளில் அவருடைய நாகர்கோவில், நெய்யூர் ஆண்டுகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கும். லோயிஸோடு வாழ்ந்த ஆண்டுகளுக்கு ஓரிரு வரி.

இதைப் பழைய கதை என்று என்னால் ஒதுக்க முடியாததற்கு என் வேலை காரணம். சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்ட பிள்ளைகளுக்குப் பாதுகாப்புக் கேட்டு மாதத்துக்கு ஒரு முறையாவது காவல் நிலையத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. சமீபத்தில் வந்த பெண் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. அவளுடைய அப்பா சபையில் பெரிய பொறுப்பில் இருப்பவர், படித்தவர், வடநாட்டு ஊழியங்களுக்குப் பணம் அனுப்புகிறவர். பையன் அதே சபை, சாம்பவர். அப்பா கத்தவில்லை, அழவும் இல்லை. மிக நிதானமாக இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்: "அவன் எங்க வீட்ல எத்தன தடவ சாப்பிட்டிருக்கான் தெரியுமா சார்? எங்க வீட்டுக்காரி கையால போட்டிருக்கா. நான் ஒரு நாளும் வித்தியாசம் பாத்ததில்ல. அதுக்காவ பொண்ணக் குடுக்க முடியுமா?"

இன்ஸ்பெக்டர் அதை அப்படியே வாக்குமூலத்தில் எழுதச் சொன்னார். பெண்ணிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு இரவு ஒன்பதரைக்கு எங்களை அனுப்பினார்கள்.