பலூன் துப்பாக்கிக்கு எதற்கு நைட்ரஜன்?

சேலம் குகைப் பகுதியில் ஆடி மாத வண்டி வேடிக்கை முடிந்ததும் பலூன் சுடும் கடை நடத்துபவர் ஒருவருக்கு முதல் வேலை, துப்பாக்கிகளைச் சாக்கில் சுற்றி மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு லேத் பட்டறைக்குக் கிளம்புவதுதான். வைகாசியில் திருச்செங்கோட்டுத் தேர், ஆடியில் சேலம், ஐப்பசியில் ராசிபுரம் நித்திய சுமங்கலி மாரியம்மன், பங்குனியில் நாமக்கல் நரசிம்மர் தேர் என்று அவருடைய ஆண்டு முழுக்கத் திருவிழாக்கள். நடுவில் கிடைக்கும் ஓய்வில்தான் துப்பாக்கிக்கு வைத்தியம் பார்த்தாக வேண்டும்.

நான் போயிருந்த அன்று பட்டறை மேஜையில் ஏற்கெனவே வேறொரு ஏர்கன் பிரித்துக் கிடந்தது. வீட்டு மாடியில் காகித இலக்கு வைத்துச் சுட்டுப் பழகும் ஒருவருடையது. பட்டறைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். மோட்டார் ஷாஃப்ட், போர்வெல் ரிக் வண்டிக்கான புஷ், பம்பு பாகங்கள் என்று பிழைப்பு ஓடுகிறது. ஏர்கன் அவருக்குக் கைச்செலவுக்கு வரும் வேலை, கொஞ்சம் ஆசையும்கூட. பலூன் கடைக்காரர் மேஜையை எட்டிப் பார்த்தார்.

“ஏங்கண்ணா, ஸ்பிரிங் எங்கீங்க?”

“எடுத்தாச்சு தம்பி. இனிமே இதுக்கு கேஸ்தான்.”

மேஜையில் இருந்தது ஒரு சாண் அளவுள்ள எஃகு உருளை. ஒரு முனையில் பளபளப்பான ராடு. கேஸ் ராம் என்கிறார்கள். அலுவலக நாற்காலியை ஏற்றி இறக்கும் குழாயும், கார் டிக்கியைத் தூக்கி நிறுத்தும் ராடும் இதே இனம்தான். உள்ளே நைட்ரஜனைச் சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் அடைத்து சீல் வைத்திருக்கிறார்கள். ராடை உள்ளே தள்ளினால் வாயு இன்னும் நெருங்கும்; விட்டால் வெளியே எகிறும். இந்த வாயு குண்டைத் தொடுவதே இல்லை. பிஸ்டனைத் தள்ளுவதோடு அதன் வேலை தீர்ந்தது. பிஸ்டன் தன் முன்னால் இருக்கும் சாதாரணக் காற்றை நசுக்க, அந்தக் காற்றுதான் சிறு துளை வழியாகப் பாய்ந்து ஈயக் குண்டைத் தள்ளுகிறது. ஸ்பிரிங் துப்பாக்கியிலும் இதே கதைதான். பிஸ்டனுக்குப் பின்னால் நிற்கும் ஆள் மட்டும் வேறு.

கேஸ் ராமை ஏர்கன்னுக்குள் கொண்டுவந்து பெயர் வாங்கியது இங்கிலாந்தின் தியோபென் நிறுவனம், 1980களின் தொடக்கத்தில். டேவ் தியோபால்ட், பென் டெய்லர் என்ற இருவரின் பெயர்களை ஒட்டி வைத்ததுதான் தியோபென். ஜெர்மனியின் வைரவுக் நிறுவனம் அதே ஏற்பாட்டை வாங்கி எச்டபிள்யூ 90 என்ற துப்பாக்கியில் போட்டது. இன்று விலை குறைந்த ஏர்கன்களிலும் அது வந்துவிட்டது.

பலூன் கடைத் துப்பாக்கியைப் பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், ஆனால் சற்றுத் தள்ளி. குழலின் பின்மூடிக்கு உள்ளே ஸ்பிரிங் அரை மனதாக அழுந்தித்தான் உட்கார்ந்திருக்கும். பிடிமானம் இல்லாமல் மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங் ஆளை அடித்துவிடும். பட்டறைக்காரர் துப்பாக்கியை நீளக் கிளாம்பில் மாட்டி, மூடியை அழுத்திப் பிடித்தபடி பின்னைத் தட்டி எடுத்து, பிறகு கிளாம்பை ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தினார். முகம் மட்டும் குழலுக்கு நேராக வரவேயில்லை. கறுப்பு கிரீஸோடு ஸ்பிரிங் வெளியே வந்தது. மேஜைமேல் உருட்டினார், நடுவில் நொண்டியது. நல்ல ஸ்பிரிங் நேராக உருளுமாம். அடுத்து பிஸ்டன். அதன் தலையில் கிண்ணம் போன்ற தோல் வாஷர், ஓரம் கருகியிருந்தது.

“எண்ணெய் நிறைய விட்டியா?”

“சத்தம் நல்லா வருதுன்னு பசங்க விட்டுருப்பானுங்க.”

காற்றைச் சட்டென்று நசுக்கினால் கொதிக்கும். டீசல் என்ஜினில் தீப்பொறி இல்லாமலே எரிபொருள் பற்றுவது அந்தச் சூட்டில்தான். ஏர்கன் குழலுக்குள் எண்ணெய் மிஞ்சினால் அங்கேயும் அது பற்றி, படாரென்று சத்தமும் துளிப் புகையும் வரும். திருவிழாக் கூட்டத்துக்கு அது வேடிக்கை. வாஷருக்கு ஆயுள் குறைவு.

புது வாஷர் கடையில் கேட்டால் கிடைக்காது. பட்டறைக்காரர் பம்பு வாஷர் தோலை வட்டமாக வெட்டி, விளக்கெண்ணெயில் ஊறவைத்து, தானே கடைந்த அச்சில் அழுத்திக் கிண்ணமாக்குகிறார். விளக்கெண்ணெய்க்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. தமிழ்நாட்டில் ஆமணக்கு முக்கியமாக விளைவது சேலம், நாமக்கல் வட்டாரத்தில்தான். ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்தே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏர்கன்னுக்கு ஆமணக்கு போடுவது பற்றி அங்கே யாரும் ஆராயவில்லை என்று நம்பலாம்.

கேஸ் ராம் மாட்டுவது வெறுமனே ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை நுழைக்கிற வேலை அல்ல. பழைய ஸ்பிரிங் உட்கார்ந்த இடம் அகலம், ராம் ஒல்லி. இடைவெளி விட்டால் ராடு சாய்ந்து, உரசி, சீல் கிழியும். அதனால் டெல்ரின் பிளாஸ்டிக் உருளையிலிருந்து ஒரு புஷ் கடைந்தார். வெர்னியரால் அளந்து, திரும்பவும் லேத்தில் பூட்டி, ஒரு மயிரிழை எடுத்து, மறுபடி அளந்தார். புஷ் குழலுக்குள் சத்தமில்லாமல் இறங்கியதும்தான் முகத்தில் தெளிவு.

மாட்டி முடித்துக் குழலை மடக்கிப் பார்க்கச் சொன்னார். ஸ்பிரிங் துப்பாக்கியை மடக்கும்போது முதலில் இலேசாகப் போய்க் கடைசியில் கனக்கும். இது தொடக்கத்திலேயே முரண்டு பிடித்தது. வாயு முன்கூட்டியே நெருக்கி அடைத்திருப்பதால் அப்படி. சுட்டபோது ஸ்பிரிங்கின் டொய்ங் ஒலி இல்லை. சுருள் அவிழும்போது துப்பாக்கியைச் சற்றே முறுக்கும் குணமும் போயிருந்தது. மடக்கியபடி மணிக்கணக்கில் வைத்தாலும் ராம் சோர்ந்து போகாது, ஸ்பிரிங் சோரும். இவையெல்லாம் உண்மையான லாபங்கள்.

ஆனால் நம் ஊர் வெயிலை இங்கிலாந்துக்காரர்கள் கணக்கில் வைத்திருப்பார்களா என்று தெரியவில்லை. மூடிய உருளையில் வாயுவின் அழுத்தம் சூட்டோடு ஏறும். 20 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் சுமார் 7 சதவீதம் கூடுதல். மார்கழிக் காலையில் சரிபார்த்து வைத்த குறி சித்திரை மதியத்தில் சற்றே விலகலாம். எஃகுக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு.

இன்னொரு எல்லை சட்டத்தில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குண்டின் வேகம் தரும் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ, குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ ஏர்கன்னுக்கும் உரிமம் வேண்டும். அரை கிராம் குண்டு நொடிக்குச் சுமார் 283 மீட்டர் வேகத்தில் போனால் 20 ஜூல் வந்துவிடும். “இன்னும் கொஞ்சம் பவர் ஏத்துங்க” என்று வருகிறவர்களைப் பட்டறைக்காரர் திருப்பி அனுப்பிவிடுகிறார். கொக்கு, மைனா என்று பேச்சு எடுத்தால் வாசலோடு சரி. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஏர்கன்னும் ஆயுதம்தான்.

எஃகு போய்க் காற்று வருவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. லாரிக்குக் கூண்டு கட்டிப் பேர் வாங்கிய நாமக்கல்லில், ஸ்பிரிங் பட்டை ஒடிந்த வண்டி வராத நாள் கிடையாது. சென்டர் போல்ட்டைக் கழற்றி, ஒடிந்த பட்டையை மட்டும் மாற்றி, யு போல்ட்டை முறுக்கி அனுப்புகிறார்கள். சொகுசு ஆம்னி பேருந்துகளில் பட்டை போய்க் காற்றடைத்த ரப்பர் பலூன் வந்து நாளாகிவிட்டது. பயணிக்குச் சுகம். ஆனால் பலூன் வெடித்தால் அதை ஒட்டுப் போட முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஒடிந்த பட்டைகூட வீணாவதில்லை, கொல்லர் உலையில் அரிவாளாகிவிடும்.

சொல்லப்போனால் வில்லும் ஒரு ஸ்பிரிங்தான். கொல்லிமலையில் ஆடி 17, 18 தேதிகளில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு வரை வீழ்த்தியவன் என்று சங்கப் புலவர் புகழ்ந்த ஓரிக்கு இங்கே கேஸ் ராம் விற்கப் போனால் விலை படியாது.

பந்தயத் துப்பாக்கிகளோ ஸ்பிரிங்கையும் கேஸ் ராமையும் தாண்டிப் போய்விட்டன. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பயன்படுவது, காற்றை முன்பே அழுத்தி உருளையில் நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கி. அதில் அதிர்வே இல்லாத அளவுக்கு அமைதி.

பலூன் கடைக்குத் தேவை அதுவல்ல. சில மீட்டர் தூரத்தில் ஊதிய பலூன். குழந்தை முதல் கிழவர் வரை மடக்க வேண்டிய குழல். ஒரு மாலையில் நூற்றுக்கணக்கான சுடுதல். கெட்டால் மறுநாள் காலைக்குள் சரியாக வேண்டும். குறி வேண்டுமென்றே வளைத்து வைத்திருப்பதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. மடக்கும் கீல் தேய்ந்து குழல் தொங்கிப்போவதுதான் பாதிக் காரணம் என்று கடைக்காரர் சொல்கிறார். மீதிப் பாதியைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார்.

“அண்ணா, இதுல கேஸ் தீந்துபோச்சுன்னா எங்க அடிப்பீங்க?”

“அடிக்க முடியாது தம்பி. கழட்டிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணும், இல்லைன்னா பழையபடி ஸ்பிரிங்தான்.”

“அப்ப அந்தாளு எடுத்த ஸ்பிரிங் சும்மாதானே கிடக்குது? நம்மளுதுல சேருமாங்க?”

பட்டறைக்காரர் இரண்டு ஸ்பிரிங்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வெர்னியரை எடுத்தார். கம்பித் தடிமன் ஒன்றுதான், விட்டமும் சேர்ந்தது, நீளம் இரண்டு சுற்று அதிகம். வெட்டி, முனையைச் சூடாக்கி மடித்து, தட்டையாகத் தேய்த்தால் உட்கார்ந்துவிடும்.

“சேரும். ஆனா அது அவருதப்பா. நாளைக்கு கேஸ் போச்சுன்னு வந்து நின்னா நான் என்ன சொல்றது?”

“நீங்க போன் போட்டுக் கேளுங்க. காசு குடுத்துடலாம்.”

பட்டறைக்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனைத் தேடினார்.