வடலூர் அடுப்பு: சில குறிப்புகள்

வடலூர் சத்திய தருமசாலையைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அடுப்பு அணையவே இல்லை என்பதில்தான் தொடங்குகிறார்கள். 1867 மே 23 அன்று மூட்டிய அடுப்பு. எனக்கு அதைவிட அதன் நீளம்தான் வியப்பு. 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம். அதை அமைக்கச் சொன்ன இராமலிங்க அடிகளிடம் சொத்து என்று எதுவும் கிடையாது. நிலம்கூடப் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்தது, சுமார் 80 காணி. இருப்பைப் பார்த்து அடுப்பு வைத்திருந்தால் மூன்று கல்லும் ஒரு பானையும் போதும். வரக்கூடிய வயிறுகளை நினைத்து வைத்திருக்கிறார்.

*

சத்திய ஞான சபை திறந்தது 1872 ஜனவரி 25. சாலைக்கும் சபைக்கும் நடுவே ஏறக்குறைய ஐந்து வருட இடைவெளி. முதலில் சோறு, பிறகுதான் சோதி. தைப்பூசத்துக்குப் போகிற கூட்டம் சபையில் ஏழு திரை விலகிச் சோதி தெரிவதைப் பார்க்க முண்டியடிக்கிறது. சாலைப் பக்கம் பசித்தபோது எட்டிப் பார்ப்பதோடு சரி. அவர் வைத்த வரிசையில் நாம் போவதில்லை.

*

‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ அவருடைய பாடல்களைவிடக் குறைவாகவே படிக்கப்படுகிறது. உரைநடை. ஆட்சேபங்களைத் தானே எழுப்பித் தானே பதில் சொல்லிக்கொண்டு போகிற நடை. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஊழ்வினை பற்றிய கேள்வி. ஒருவன் போன பிறவியில் செய்த தீமைக்காகக் கடவுள் கட்டளைப்படி பட்டினி கிடக்கிறான். அவனுக்குச் சோறு போடுவது அந்தக் கட்டளைக்கு எதிராகாதா?

இதைப் பண்டிதர்கள் மட்டும் கேட்பதில்லை. “அவனவன் தலைவிதி” என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்கிறவரும் இதையேதான் கேட்கிறார்.

அடிகள் அரசனை உதாரணம் காட்டுகிறார். கொலை முதலான குற்றம் செய்து சிறையில் கிடப்பவனுக்கும் அரசன் தன் சேவகர்களைக் கொண்டு சாப்பாடு கொடுக்கத்தானே செய்கிறான் என்கிறார். இந்தப் பதிலின் சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். வினை உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. கஞ்சனுக்கு அது உதவாமல் செய்துவிடுகிறார், அவ்வளவுதான். தண்டனையை எழுதியது வேறு ஆள். சோறு கொண்டுபோகிற சேவகனுக்கு அந்தக் காகிதத்தைப் புரட்டிப் பார்க்கும் வேலை இல்லை. அன்னதானம் செய்கிறவர் தன்னை அரசனாக நினைத்துக்கொள்ள அவர் இடம் கொடுக்கவில்லை. சேவகன் இடத்தில் நிறுத்துகிறார். இதை வாசித்தபின் ‘ஏழைகளின் காவலர்’ என்ற சுவரொட்டிகளைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

*

பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என்று ஏழு துன்பங்களை அடுக்குகிறார். இவற்றில் பசியையும் கொலையையும் நீக்குவது மேலான காருண்யம், மற்றவற்றை நீக்குவது அதற்கு அடுத்தது. பசி ஏறும்போது உடம்பில் என்ன நடக்கும் என்று ஒரு வைத்தியரைப் போல உறுப்பு உறுப்பாக விவரிக்கிறார். கண் குழிவது, காது இரைவது, நாக்கு உலர்வது எல்லாம் வருகின்றன. பசியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் எழுத்து அது.

அந்தப் பட்டியலுக்குள் அவருடைய மொத்த ஆன்மிகமும் இருக்கிறது. பசியில் அறிவு மயங்குகிறது, அறிவு மயங்கினால் அதனுள் விளங்கும் கடவுளின் விளக்கமும் மறைகிறது என்கிறார். ஆக, சோறு போடுவது வழிபாட்டுக்கு முன்னால் செய்துவிட வேண்டிய சில்லறை வேலையாக இருக்க முடியாது. அதுவேதான் வழிபாடு.

பசித்தவன் எந்தத் தேசம், என்ன சமயம், என்ன சாதி, அவன் நடத்தை எப்படி என்று கேட்கக் கூடாது என்பதும் இதிலிருந்து வருகிறது. ‘நடத்தை’யையும் சேர்த்துச் சொன்னதுதான் பெரிய விஷயம். சாதி பார்க்காமல் கொடுக்கிறவர்கள்கூடக் குடிகாரனுக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறார்கள்.

*

அடிகள் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கடைசியாகக் கதவடைத்தது 1874 ஜனவரி 30. மூன்று வருடம் கழித்து, தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரணத்தைக் கண்காணிக்க அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வருகிறார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று கூலியைக் குறைக்கிறார். சுமார் 450 கிராம், மண் சுமக்கிறவனுக்கு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர்தரிக்கப் போதாது என்று வாதாடினார். வேலைத்தலம் வீட்டிலிருந்து தூரத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் உண்மையாகப் பசித்தவன் மட்டும் வருவான் என்ற எண்ணமும் அந்த நிர்வாகத்தில் இருந்தது. தகுதியில்லாதவன் ஒருவன் சாப்பிட்டுவிடுவானோ என்கிற பயம். பத்து ஏமாற்றுக்காரர் சாப்பிட்டாலும் பரவாயில்லை, ஒருவன் பசியோடு திரும்பக் கூடாது என்று நினைக்கிற அடுப்பும், ஒரு ஏமாற்றுக்காரன் நுழையாதிருக்கப் பலர் செத்தாலும் சரி என்கிற கணக்குப் புத்தகமும் ஒரே மாகாணத்தில் இருந்திருக்கின்றன.

*

விசாரிக்கவே கூடாதா? இங்கே எனக்குக் கொஞ்சம் தடுமாற்றம்.

1617-இல் பிரான்சின் ஷத்தியோன் என்ற ஊரில் வின்சென்ட் தே பால் பங்குச் சாமியாராக இருந்தார். ஒரு வீட்டில் அத்தனை பேரும் நோயில் கிடக்கிறார்கள் என்று பிரசங்கத்தில் சொன்னார். மதியத்துக்கு மேல் ஊரே சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனது. இன்று இவ்வளவு சேர்ந்தால் பாதி கெட்டுப்போகும், நாளை மறுபடி பட்டினி என்று அவருக்குத் தோன்றியது. ஊர்ப் பெண்களைக் கூட்டி முறை வைத்தார். அவருடைய அறப்பணி அமைப்புகளுக்கெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வித்து. இரக்கம் அங்கே ஏராளமாக இருந்தது, ஒழுங்குதான் இல்லை.

1833-இல் பாரிஸில், உங்கள் திருச்சபை இப்போது ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று ஒரு விவாதத்தில் மடக்கப்பட்ட மாணவர்கள் சேர்ந்து வின்சென்ட் பெயரில் ஒரு சபை தொடங்கினார்கள். அவர்களில் முன்னின்ற பிரெடெரிக் ஓசானாமுக்கு அப்போது 20 வயது. வேலை கற்றுக்கொடுத்தவர் ரோசலி ரெந்து என்ற கன்னியாஸ்திரி. நம் ஊர்ப் பங்குகளிலும் இருக்கிற அந்தச் சபையின் வழக்கம் வீடு தேடிப் போவது. போய் உட்காருவார்கள், பேசுவார்கள், கேட்பார்கள். அதுவும் விசாரணைதானே என்றால், ஒருவிதத்தில் ஆமாம். ஆனால் கொடுக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கக் கேட்பது ஒன்று. இன்னும் என்ன தேவை என்று தெரிந்துகொள்ளக் கேட்பது இன்னொன்று. கேட்கிறவர் குரலிலேயே எது என்று ஏழைக்குப் புரிந்துவிடும்.

அவர்கள் கூட்டத்தில் ஒரு பை சுற்றிவரும். உறுப்பினர்கள் கையை உள்ளே விட்டு வெளியே எடுப்பார்கள். யார் எவ்வளவு போட்டார், போட்டாரா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைத்து ‘உபயம்’ எழுதும் நாட்டில் இந்தப் பை எப்படிப் பிழைத்தது என்பது ஆச்சரியம்தான்.

*

சீக்கியரின் லங்கர் என்ற பொதுப் பந்தி. குருவைப் பார்க்க வருகிறவர் யாரானாலும் முதலில் பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று வைத்தவர் மூன்றாம் குரு அமர்தாஸ். சைவச் சாப்பாடுதான், யாரும் உண்ணத் தயங்கக் கூடாது என்பதற்காக. அங்கே ஏழைக்கென்று தனிப் பந்தி இல்லை. நம் அன்னதானக் கூடங்களில் நன்கொடையாளர் சாப்பிட ஏன் பின்பக்கம் தனி அறை?

*

இல்லறத்தார்க்கு அடிகள் சொல்லும் யோசனை நடைமுறையானது. கல்யாணம் போன்ற விசேஷங்களில் ஆடம்பரத்துக்கு ஆகும் செலவில் பசித்தவர்க்குப் போடச் சொல்கிறார். இன்று பிறந்தநாளுக்குக் குழந்தைகள் இல்லத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு கட்டுகிறோம். நல்லதுதான். ஆனால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கேக் வெட்டுகிறவருக்குக் கைதட்டச் சொல்வதை நிறுத்தலாம்.

*

ரமலான் முடிவில் கொடுக்கும் ஃபித்ராவில் ஒரு நுணுக்கம். பெருநாள் தொழுகைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கு ஏழை கையேந்தி அலையக் கூடாது, அவர் வீட்டிலும் பெருநாள் நடக்க வேண்டும். தொழுகை முடிந்தபின் கொடுத்தால் அதுவும் தருமம்தான், ஆனால் ஃபித்ராக் கணக்கில் சேராது.