கிரெகரி விட்டுப்போன அணி

யாழ்ப்பாணத்தில் துரையப்பா அரங்கில் உதைபந்தாட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: அணி தோற்றால் முதல் பழி பயிற்றுநருக்குத்தான்.

சென்னையிலும் அதே கதைதான். சென்னையின் எஃப்.சி. அணிக்கு 2018இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கிண்ணம் வென்று கொடுத்த பயிற்றுநர் ஜோன் கிரெகரி, 2019 நவம்பர் இறுதியில் விலகினார். அந்தப் பருவத்தின் ஆறு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி.

அடுத்து வந்த ஓவன் கோய்ல், துவண்டுபோன அதே வீரர்களை நிமிர்த்தி இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். 2020 மார்ச், கோவா. கொரோனாவால் ஆளில்லாத அரங்கு. ஏ.டி.கே.யிடம் 3-1 தோல்வி என்றாலும் பாராட்டு முழுதும் கோய்லுக்கே போனது. அது நியாயமும்தான்.

ஆனால் அந்தப் பருவத்தில் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸும், பந்தை அளந்து கொடுத்த கிரிவெல்லாரோவும் கிரெகரி காலத்திலேயே அணிக்கு வந்தவர்கள். இளம் அனிருத் தாப்பாவை நம்பி இறக்கியவரும் கிரெகரிதான்.

அந்த இறுதிப் போட்டியில் அவருக்கும் பங்குண்டு.