நாளைக்கு எழுதலாம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் வருஷம் தவறாமல் ஒரு டைரி கொண்டுவந்து கொடுக்கிறான். எந்த டைரியை எடுத்தாலும் பொங்கல் வரை நான் மகா சுறுசுறுப்பான மனிதன். அப்புறம் வெறும் தாள். நடுநடுவே பால் கணக்கு.

திருவள்ளூரிலிருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரயில் பெரம்பூரில் நிற்கும்போதெல்லாம் எனக்குச் சற்று வெட்கமாயிருக்கும். ஆனந்தரங்கப் பிள்ளை 1709-இல் பிறந்த ஊரல்லவா அது! புதுச்சேரியில் கவர்னர் துய்ப்ளேக்ஸுக்குத் துபாஷியாக இருந்த அந்த மனிதருக்கா வேலை குறைவு? 1736-இல் தொடங்கி ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம் நாட்குறிப்பு எழுதினார். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்த விவரமும் அதில் உண்டு. கவர்னர் மனைவியின் மேல் அவருக்கிருந்த மனத்தாங்கலும் உண்டு.

அம்மா படுக்கையில் கிடந்தபோது ஒரு ராத்திரி, கல்யாணமாகி மாட்டு வண்டியில் திருவள்ளூர் வந்து சேர்ந்த கதையைச் சொன்னாள், வண்டிக்காரர் பெயர் முதற்கொண்டு. காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விளக்கை அணைத்தேன். மறுநாள் ஆஸ்பத்திரி. பிறகு அவள் பேசவேயில்லை.

"அண்ணா, அந்த வண்டிக்காரர் பேர் என்ன?" என்று சென்ற வாரம் தங்கை கேட்டாள். அந்தத் தேதியைப் புரட்டிப் பார்த்தேன். பால் ஒரு லிட்டர் என்றிருந்தது.