கேட்டு அறிந்த மணம்

சென்ற ஆண்டு, புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் ஒரு கடைமுன் நாம் தயங்கி நின்றோம். படுக்கையிலிருந்த அன்னைக்குப் பவுடர் வாங்க வேண்டும். ஒரு கையில் குட்டிக்கூரா. மறு கையில் பாண்ட்ஸ். இரண்டும் மலர்மணமே, ஆயினும் ஒன்றல்ல. முன்னது, பெட்டியடியில் மடித்து வைத்த பட்டுச்சேலையை நினைவூட்டியது. பின்னது, இளமையும் இனிமையுமாய் இருந்தது.

கீரமங்கலத்து மல்லிகைக்கு இத்தகைய மாவு மணம் இல்லை. ஐரிஸ் கிழங்கை ஆண்டுக்கணக்கில் உலர்த்தினால்தான் அது கிட்டும். 1893-இல் ஜெர்மானிய வேதியியலார் அயனோன் என்னும் பொருளை ஆக்கிய பின்னரே, அதை ஒத்த மணம் எளியோருக்கும் எட்டியது.

வருவோர் போவோர் விரும்புவரென்று எண்ணி, இனிமையானதையே வாங்கினோம். அன்னை முகர்ந்து பார்த்தார்.

"அப்பா திருவிழாவுக்கு வாங்கித் தந்தது இது இல்லையே அய்யா" என்றார்.

நாம் நாணினோம். ஐம்பதாண்டுகள் அவர் அருகிலேயே வாழ்ந்தும், அவருடைய மணம் எதுவென நாம் அறிந்திருக்கவில்லை!

மறுநாள் முதல் பேருந்திலேயே சென்று மற்றதை வாங்கி வந்தோம். டால்க் என்பது மென்கல்லின் துகள். மூச்சிரைப்பு உள்ளவர்மீது தூவலாகாது என்றார் மருத்துவர். ஆதலின், கைக்குட்டையில் சிறிது தடவி, மடித்துத் தலையணையருகே வைத்தோம். அன்னை கண்மூடிப் புன்னகைத்தார்.

இன்று அவர் இல்லை. கைக்குட்டை இருக்கிறது. அன்பர்களே, பெற்றோருக்கு வாங்கும் முன், அவர்களிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.