மீட்பு என்னும் சொல்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில் லிட்டில் இந்தியா என வழங்கும் தெருக்கள் மாலைப் பொழுதில்தான் முழுமையாகக் களைகட்டுகின்றன. 1833ஆம் ஆண்டு முதல் குயின் தெருவில் நிலைபெற்றிருக்கும் மகாமாரியம்மன் கோயிலில் மணி ஒலிக்கும். மார்க்கெட் தெருக் கடைகளில் பூச்சரங்கள் அசையும். பினாங்குத் தெருவில் நாணயமாற்று வணிகர்கள் அன்றைய கணக்கை முடிக்கத் தொடங்குவர். தேநீர்க் கடைகளின் இருக்கைகள் நிரம்பும். உலகத்துச் செய்திகள் யாவும் அவ்விருக்கைகளை வந்தடையும்; வந்த வேகத்திலேயே தீர்ப்பையும் பெறும்.

எங்கோ ஒரு நாட்டில் சிலரைப் பணயமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்னும் செய்தி வரும் நாளில் அங்கு எழும் பேச்சு பெரும்பாலும் ஒரே போக்கில் செல்லும். “அதிரடிப்படையை உள்ளே அனுப்பவேண்டியதுதானே! பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள்” என்பான் ஓர் இளைஞன். எதிரில் இருக்கும் முதியவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, உன் அம்மா உள்ளே இருந்தால் இதையே சொல்வாயா?” என்று கேட்பார். இளைஞன் வாயடைத்துப் போவான். பொதுமக்கள் கருத்து என்று போற்றப்படும் பெரும் பொருளின் உள்ளீடு அந்த ஒரு கேள்வியில் வெளிப்பட்டுவிடுகிறது.

அக்கேள்வியைக் கேட்கும் உரிமை பினாங்கு மக்களுக்கு உண்டு. 1977ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் மாலையில் இத்தீவிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசிய விமான நிறுவனத்தின் போயிங் 737 விமானம் அங்குச் சென்று இறங்கவேயில்லை. இறங்குவதற்குச் சற்று முன்னர், விமானம் கடத்தப்பட்டதென்று விமானி அறிவித்தார். அது சிங்கப்பூரை நோக்கித் திரும்பியது. இரவு 8.36 மணிக்கு ஜொகூர் மாநிலத்தின் தஞ்சோங் கூப்பாங் பகுதியில் விழுந்து சிதறியது. பயணிகள் 93 பேர், பணியாளர் 7 பேர் ஆகிய நூறு பேரும் மாண்டனர். அவர்களுள் மலேசிய வேளாண் அமைச்சரும் இருந்தார். ஜப்பானுக்கான கியூபத் தூதரும் இருந்தார். உடல்களைப் பிரித்து அடையாளம் காண இயலாமையால் எஞ்சியவற்றை ஜொகூர் பாருவில் ஒரே இடத்தில் அடக்கம் செய்தனர். கடத்தியவர் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

அந்த இரவு உலகத்தின் மனநிலை எவ்வாறு இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டில், 1976 ஜூலை 4ஆம் நாள் விடியுமுன், இஸ்ரேலியப் படைவீரர்கள் உகாண்டாவின் எண்டெபி விமான நிலையத்தில் இறங்கி நூற்றுக்கும் மேற்பட்ட பணயக்கைதிகளை மீட்டிருந்தனர். 1977 அக்டோபர் 18ஆம் நாள் சோமாலியாவின் மொகடிசு நகரில் ஜெர்மானிய அதிரடிப்படை, கடத்தப்பட்ட லுப்தான்சா விமானத்தினுள் புகுந்து 86 பேரைக் காத்தது. உலகம் கைதட்டிய ஒலி அடங்கி ஏழு வாரங்கள்கூட ஆகவில்லை. கடத்தல் என்றால் அதன் முடிவில் வீரர்கள் வருவார்கள் என்று நாளேடு படிப்போர் நம்பத் தொடங்கியிருந்த காலம் அது. தஞ்சோங் கூப்பாங்கிலோ வீரர்கள் வருவதற்குத் தரையும் இல்லை, நேரமும் இல்லை.

கைதட்டலுக்கு ஓர் இயல்பு உண்டு. அது எண்ணிக்கையை உரக்கச் சொல்லும். எண்ணிக்கையில் அடங்காதவரை மறந்துவிடும். எண்டெபி என்றவுடன் மீண்டவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். தாக்குதலின்போது பணயக்கைதிகள் மூவர் உயிரிழந்ததும், மருத்துவமனையில் இருந்தமையால் மீட்கப்படாமல்போன டோரா பிளாக் என்னும் 74 அகவை மூதாட்டி பின்னர்க் கொல்லப்பட்டதும் பலர்க்கு நினைவில் இல்லை. மொகடிசுக் கதையைச் சொல்வோர், அதற்கு முன்னரே ஏடன் நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட அவ்விமானத்தின் தலைமை விமானியைப் பெரும்பாலும் விட்டுவிடுவர்.

தமிழ் மரபு இவ்வகையில் வேறொரு வழியைக் காட்டியிருக்கிறது. பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்டு வருவதைப் பண்டைத் தமிழர் கரந்தை என்றனர். தொல்காப்பியம் அதனை வெட்சியுள் அடக்கியது; புறப்பொருள் வெண்பாமாலை அதற்குத் தனித்திணை தந்தது. ஆகவே மீட்பு என்பது தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. ஆயின் அம்மரபில் கல் நாட்டப்பட்டது யாருக்கு? மீட்கும் போரில் வீழ்ந்தவனுக்கு. தமிழ்நாட்டில் இன்றும் காணப்படும் நடுகற்கள் பலவற்றில் இன்ன ஊரில், இன்ன தொறுவை மீட்டு, இன்னான் பட்டான் என்னும் செய்தியைப் பார்க்கலாம். வெற்றியின் அளவைக் கல்லில் பொறிக்காமல், கொடுத்த விலையைப் பொறித்தனர். வீரத்தைப் போற்றிய அச்சமுதாயம் விலையை மறைக்கவில்லை.

இக்காலப் பொதுக்கருத்து அவ்விலையை இருமுறை மாற்றிச் சொல்கிறது. 1999ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் காட்மாண்டுவிலிருந்து தில்லிக்குச் சென்ற இந்தியன் ஏர்லைன்சு விமானம் கடத்தப்பட்டுக் காந்தகாருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பயணிகளின் உறவினர்கள் தில்லித் தெருக்களில் நின்று, என்ன கேட்டாலும் கொடுத்து எங்கள் மக்களை மீட்டுத் தாருங்கள் என்று கதறினர். நாடும் அவர்களோடு சேர்ந்து பதறியது. டிசம்பர் 31ஆம் நாள் இந்திய அரசு சிறையிலிருந்த மூவரை விடுவித்தது; பயணிகள் வீடு திரும்பினர். அதன் பின்னர்க் காற்று திசைமாறியது. அரசு பணிந்துவிட்டது என்றனர். அமிர்தசரசில் விமானம் நின்றபோதே தாக்கியிருக்க வேண்டும் என்றனர். விடுவிக்கப்பட்டவருள் ஒருவரான மசூத் அசார் 2000ஆம் ஆண்டில் புதியதொரு தீவிரவாத இயக்கத்தைத் தொடங்கியதால் அக்குற்றச்சாட்டு வலுப்பெற்றது.

கதறியவர்கள் பொய்யர் அல்லர். பின்னர்க் கண்டித்தவர்களும் பொய்யர் அல்லர். உள்ளே இருப்பவர் தம்மவராயின், கொடு என்கிறது மனம். உள்ளே இருப்பவர் அயலாராயின், அடி என்கிறது. இடையில் மாறியது கொள்கையன்று, தொலைவே. தொலைவில் நிற்பவனுக்குத் துணிவு எளிதில் வாய்க்கிறது.

மலேசியாவும் இச்சோதனையைக் கண்டதுண்டு. 1975 ஆகஸ்டு 4ஆம் நாள் ஜப்பானியச் செம்படையினர் கோலாலம்பூரின் ஏஐஏ கட்டடத்தில் அமெரிக்கத் தூதரகப் பணிமனைக்குள் புகுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பிடித்து வைத்தனர். மலேசிய அரசு பேச்சு நடத்திற்று. ஜப்பான் தன் சிறையிலிருந்து ஐவரை விடுவித்தது. பணயக்கைதிகள் அனைவரும் உயிருடன் வெளிவந்தனர். அவர்களுக்கு ஈடாக மலேசிய அரசின் துணையமைச்சர் ஒருவரும் உயர் அதிகாரி ஒருவரும் அத்தீவிரவாதிகளுடன் லிபியா வரை விமானத்தில் சென்று திரும்பினர். பிறர் உயிருக்குத் தம் உயிரைப் பிணையாக வைத்த அவ்விருவரின் துணிவு எந்த அதிரடிப்படை வீரனின் துணிவுக்கும் குறைந்ததன்று. ஆயினும் அதைப் பற்றித் தேநீர்க் கடையில் பேசுவோர் அரியர். துப்பாக்கி வெடிக்காத துணிவைக் கொண்டாடும் பழக்கம் மக்களுக்கு இன்னும் வரவில்லை.

அதே நாட்டில், 2000ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் தொடக்கத்தில், அல்-மவுனா என்னும் குழுவினர் பேராக் மாநிலத்தில் இராணுவ முகாம்களிலிருந்து ஆயுதங்களைக் கவர்ந்துகொண்டு சாவுக் என்னும் ஊரருகே ஜெனாலிக் குன்றில் பதுங்கினர். நால்வர் அவர்கள் கையில் சிக்கினர். அந்நால்வருள் இருவர் மீளவில்லை. ஒருவர் தமிழரான துப்பறியும் காவலர் கார்ப்பரல் சகாதேவன். மற்றவர் சரவாக்கைச் சேர்ந்த படைவீரர் மேத்யூ மேடான். ஜூலை 6ஆம் நாள், தளபதி சைனி முகமது சைட் அக்குழுவின் இடத்துக்கே சென்று பேசியபின் அவர்கள் சரணடைந்தனர். நாட்டில் அப்போது அரசியல் கசப்பு மிகுந்திருந்தது. ஆதலால் இவையெல்லாம் அரசு நடத்திய நாடகமோ என்று ஐயுற்றோர் பலர். நாடகமா இல்லையா என்று ஊர் வழக்காடிக்கொண்டிருந்த அதே நாள்களில் இரண்டு இல்லங்களில் மெய்யான சாவு நிகழ்ந்திருந்தது. ஐயுறுதல் குடிமக்களின் உரிமையே. ஆனால் மாண்டவரைத் தன் வழக்குக்குச் சான்றாக மட்டும் கருதும் ஐயம், கைதட்டலைப் போலவே கண்ணற்றது.

அமைதிக் காலத்தில் நிலை இதுவாயின், போர்க்காலத்தில் அது இன்னும் கொடிதாகிறது. யாரை மீட்பது என்னும் தெரிவே அங்கு முதலில் எழுகிறது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்துசெல்லும் தொலைவில்தான் கார்ன்வாலிஸ் கோட்டை உள்ளது. 1941 டிசம்பர் 11ஆம் நாள் முதல் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு வீசின. தெருக்களில் மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். அத்திங்களின் நடுவில் பிரிட்டிஷ் ஆட்சியினர் தம் இனத்தாரை ஓசையின்றிக் கப்பலேற்றி அழைத்துச் சென்றனர். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் விடிந்தபின்தான் தாம் கைவிடப்பட்டதை அறிந்தனர். கோட்டையில் பிரிட்டிஷ் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. அதைக் கண்டு ஜப்பானியர் மேலும் குண்டு வீசுவரென்று அஞ்சி, ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளேட்டின் ஆசிரியரான யாழ்ப்பாணத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து அக்கொடியை இறக்கினார். ஊரில் படைகள் இல்லை என்பதை வானொலி வழியே அறிவிக்கவும் ஏற்பாடு செய்தார். எல்லா இனத்தாரையும் சேர்த்து ஒரு பணிக்குழு ஊரைக் காக்க முயன்றது. டிசம்பர் 19ஆம் நாள் ஜப்பானியர் நுழைந்தனர்.

பிரிட்டிஷார் தம் ஏட்டில் அதனை மக்களை வெளியேற்றிக் காத்த செயல் என எழுதிக்கொள்ளலாம். கரையில் நின்றவர்க்கு அஃது அவ்வாறு தோன்றவில்லை. யாருடைய உயிர் எண்ணப்படுகிறதோ அவர்களுக்கே மீட்பு; எண்ணப்படாதவர்க்கு அது கைவிடல். அந்த நாளில் பினாங்கை மீட்டது படையன்று. ஒரு கொடியை இறக்கத் துணிந்த ஓர் எழுத்தாளரின் கை.

தமிழர் நெஞ்சில் ஆறாத வடுவாக நிற்பது இச்சொல் பட்ட மற்றொரு பாடு. 2009ஆம் ஆண்டின் முதல் திங்கள்களில் வன்னியில் நடந்த இறுதிப் போரை இலங்கை அரசு மனிதாபிமான நடவடிக்கை என்றது. உலகின் மிகப் பெரிய பணயக்கைதி மீட்பு என்றும் பெருமை பேசிற்று. அக்கூற்றில் ஒரு பகுதி உண்மை இருந்தது. வெளியேற முயன்ற மக்களை விடுதலைப் புலிகள் தடுத்தனர் என்றும், அவ்வாறு முயன்றோரைச் சுட்டனர் என்றும் ஐக்கிய நாடுகள் செயலாளரின் வல்லுநர் குழு 2011இல் கூறியது. ஆனால் தாக்குதலற்ற வலயம் என்று அரசே வரைந்து காட்டிய நிலத்தில் அரசின் எறிகணைகள் விழுந்தன என்றும், மருத்துவமனைகளும் தப்பவில்லை என்றும் அதே குழு கூறியது. மாண்ட பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கக்கூடும் என்றது அதன் அறிக்கை. போர் தொடங்குமுன் பெண்டிரும் பிணியாளரும் காப்பான இடம் சேருமாறு அறிவித்த மன்னனை நெட்டிமையார் புறநானூற்றில் பாடினார். சேருமாறு சொன்ன இடத்தையே தாக்கும் அறத்தை அப்புலவர் அறியார்.

மீட்பு என்பது உள்ளே இருக்கும் ஒவ்வோர் உயிரையும் தனித்தனியே எண்ணும் செயல். போர் என்பது உயிர்களைத் தரப்புகளாகத் தொகுத்துக் கழித்துவிடும் செயல். போரை மீட்பு என்று பெயரிட்டழைப்பது அதிகாரத்தில் இருப்போர் செய்யும் பிழை. மீட்பையும் போராகவே கருதிக் கொண்டாடுவது பொதுமக்கள் செய்யும் பிழை. இரண்டாவது பிழைதான் முதலாவதற்கு இடங்கொடுக்கிறது. எத்தனை பகைவர் வீழ்ந்தனர் என்று மட்டும் கேட்கப் பழகிய மக்களிடம், எந்தத் தாக்குதலையும் மீட்பு என்று சொல்லி விற்றுவிடலாம்.

படை வேண்டா என்பது இதன் பொருளன்று. பேச்சுக்கு இடமின்றிப் போகும் நேரமும் உண்டு. 1991 மார்ச்சு 26ஆம் நாள் கோலாலம்பூரிலிருந்து வந்த விமானத்தைக் கடத்தியோர் ஐந்து நிமிடக் கெடு வைத்துப் பயணிகளைக் கொல்லத் துணிந்தபோது, சிங்கப்பூர் அதிரடிப்படை உள்ளே புகுந்து பயணிகள் அனைவரையும் காத்தது. அன்று அப்படை எட்டு மணி நேரம் காத்திருந்தது. பேச்சு முறிந்தபின்தான் உள்ளே சென்றது. வள்ளுவர் படைச்செருக்குக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். தெரிந்து செயல்வகைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றைப் படித்தவன் மற்றொன்றையும் படித்தாக வேண்டும்.

மார்க்கெட் தெருவில் இரவு ஏறுகிறது. பூக்கடைக்காரர் எஞ்சிய சரத்தில் நீர் தெளித்து மூடுகிறார். தேநீர்க் கடை இளைஞன் முதியவரின் கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, “அப்படியானால் என்னதான் செய்வது, ஐயா?” என்கிறான். “முதலில் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேள், தம்பி. பிறகு பேசலாம்” என்கிறார் அவர். பினாங்கிலிருந்து ஒரு மாலையில் புறப்பட்டு வீடு திரும்பாமற்போன விமானத்தை நினைவில் வைத்திருப்பவருக்கு, அதைக் கேளாமல் தீர்ப்புச் சொல்வது இயலாது.